கணிதத்தை நேசித்த அடிகளார்

கல்விக்கூடங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளையும் தேர்ச்சி விழுக்காடுகளையும் தவறாது குறித்து வைக்கின்றனர். ஓர் ஆசிரியரின் உள்ளத்தில் எரிந்த ஆர்வம் மாணவர் உள்ளங்களில் எவ்வாறு பற்றிக்கொண்டது என்பது அவ்வேடுகளில் ஏறுவதில்லை. சென்னை இலயோலாக் கல்லூரியில் கணிதம் கற்பித்த இயேசு சபைக் குரு சார்லஸ் ரசீன் அடிகளாரின் வாழ்வு, அவ்வாறு எழுதப்படாத பக்கங்களுள் ஒன்றை நமக்குத் திறந்து காட்டுகிறது.

அடிகளார் 1897இல் பிரான்சில் பிறந்தவர். புகழ்பெற்ற கணித மேதை எலீ கார்த்தானின் வழிகாட்டுதலில் சார்பியல் கோட்பாடு பற்றி ஆய்வு செய்து 1934இல் முனைவர் பட்டம் பெற்றார். பாரிசிலேயே தங்கியிருந்தால் ஆய்வுலகில் அவருக்கு நல்லதோர் இடம் கிடைத்திருக்கும். அவரோ தமிழகம் வந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் சிறிது காலம் கற்பித்தபின், 1930களின் இறுதியில் இலயோலாவுக்கு மாறினார்.

அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பாடத்திட்டம் பழைய கேம்பிரிட்ஜ் மரபைச் சார்ந்திருந்தது. கடினமான கணக்குகளை விரைந்து தீர்க்கும் திறமையே புலமை எனக் கருதப்பட்டது. பட்டம் பெற்ற அறிவுக்கூர்மையுள்ள இளைஞர் பலரும் அரசுப் பணியையே நாடினர். அதே வேளையில், ஐரோப்பாவில் நவீன இயற்கணிதமும் இடவியலும் கணிதத்தின் முகத்தையே மாற்றிக்கொண்டிருந்தன. அம்மாற்றத்தைத் தம் கண்முன் கண்டவர் ரசீன் அடிகளார்.

சொல்வன்மை மிக்க விரிவுரையாளராக அவரை எவரும் நினைவுகூர்வதில்லை. ஆயினும், கணிதம் முன்னோர் எழுதி முடித்துவிட்ட நூலன்று, இன்றும் எழுதப்பட்டுவரும் நூல் என்பதை மாணவர்கள் அவரிடம் உணர்ந்தனர். புதிய நூல்களைப் படிக்க அவர்களைத் தூண்டினார். 1945இல் தோன்றிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திற்குச் செல்லுமாறு திறமையாளர்களை ஊக்குவித்தார். தேர்வுக்கு வேண்டாதவற்றை ஓர் ஆசிரியர் இத்துணை நேசிப்பதைக் கண்ட மாணவர், அவற்றில் ஏதோ பொருள் இருக்க வேண்டும் என்று எண்ணியதில் வியப்பில்லை.

அவர்களுள் இருவர் எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்திரியும். இருவரும் 1953இல் டாட்டா நிறுவனத்தில் சேர்ந்தனர். 1965இல் அவர்கள் வெளியிட்ட, இருவர் பெயராலும் வழங்கும் தேற்றம், இயற்கணித வடிவியலையும் இடவியலையும் இணைக்கும் பாலமாக உலகெங்கும் போற்றப்படுகிறது. இளம் வயதிலேயே மறைந்த சி. பி. இராமானுஜமும் இலயோலாவில் பயின்றவரே. பின்னாளில் சேஷாத்திரி சென்னையில் ஒரு கணித ஆய்வு மையத்தைத் தொடங்கினார். அதுவே இன்றைய சென்னைக் கணிதவியல் நிறுவனம். ஆசிரியர் ஒருவர் மூட்டிய கனல் மாணவர் வழியே இன்னொரு தலைமுறைக்கும் சென்றது.

கடல் கடந்து வந்த குரு ஒருவர் கரும்பலகையின் முன் நின்று கணிதம் சொல்லித்தருவதில் என்ன அருட்பணி இருக்கிறது என்று கேட்போர் உண்டு. அவருடைய உழைப்பின் பலனைத் திருமுழுக்குப் பதிவேட்டில் தேட முடியாதுதான். ஆனால் உண்மையைத் தேடும் தாகத்தை, சமய வேறுபாடு பாராது, தம்மிடம் வந்த இளைஞருக்கெல்லாம் அவர் ஊட்டினார். உண்மை அனைத்தும் இறைவனுடையதே என்று நம்பும் நமக்கு இது சிறிய பணியாகத் தோன்றலாகாது.

அடிகளார் 1976இல் மறைந்தார். நம் பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளிகளில் சேர்க்க வரிசையில் நிற்கும் நாம், மதிப்பெண்களைப் பற்றியே பெரிதும் வினவுகிறோம். இப்பள்ளியின் ஆசிரியர் தாம் கற்பிக்கும் பாடத்தை நேசிக்கிறாரா என்று கேட்பதில்லை. அந்நேசத்தை வளர்க்க அவருக்கு நேரமும் நூல்களும் உரிமையும் தருகிறோமா என்றும் எண்ணிப் பார்ப்பதில்லை. பாடத்திட்டத்தை முடிக்க விரட்டப்படும் ஆசிரியரிடம், பாடத்திற்கு அப்பால் அழைத்துச் செல்லும் ஆர்வத்தை நாம் எவ்வாறு எதிர்பார்க்க முடியும்?