நெருப்பில்லாத நீலம்

கைக்கடிகாரத்தின் முள்ளில், சுவரில் துளைபோடும் டிரில் பிட்டில், பழைய துப்பாக்கிக் குழலில் என்று அந்தக் கருநீலத்தை எங்காவது பார்த்திருப்போம். இன்று அது குப்பியில் விற்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய இரும்பின்மேல் பஞ்சால் தொட்டுத் தடவினால் சில விநாடிகளில் இரும்பு கறுத்துவிடும். உலை வேண்டாம், புகை இல்லை, சமையலறை மேசையே போதும். ஆனால் குப்பிக்குள் வந்து சேர்வதற்கு முன் இந்த நிறம் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறது. போன இடமெல்லாம் யாரோ ஒருவர் அதைப் போலிசெய்திருக்கிறார்.

முதலில் அது அழகுக்காக வந்த நிறமே அல்ல. கொல்லருக்கு அதுதான் வெப்பமானி. பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்த எஃகு கடினமாகிவிடும், கூடவே கண்ணாடிபோல் உடையவும் செய்யும். அந்த உடைதன்மையைக் குறைக்க அதை மறுபடி இளஞ்சூட்டில் வாட்ட வேண்டும். மெருகேற்றிய எஃகு சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சளாகும், 280-ஐ ஒட்டி ஊதாவாகும், 300-ஐ நெருங்கும்போது நீலமாகும். சவரக்கத்திக்கு மஞ்சள் பதம், ஸ்பிரிங்குக்கு நீலப் பதம். மழை நனைத்த சாலையில் சிந்திய பெட்ரோல் வண்ணம் காட்டுகிறதே, அதே ஒளியியல்தான் இங்கேயும். மிக மெல்லிய ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க, கண்ணுக்குத் தெரியும் நிறம் மாறிக்கொண்டே போகும்.

இந்தப் பதநிறம் பிரபுக்களின் கண்ணில் பட்டது. 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி கிரீன்விச்சில் கவசப் பட்டறை அமைத்து, ஐரோப்பியக் கண்டத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். நீலமேற்றிய எஃகில் பொன் பூசிய பட்டைகள் ஓடும் கவசங்கள் அரசவைப் பெருமிதமாயின. பிற்காலத்தில் அவற்றைப் பராமரித்தவர்களோ வீரன் என்றால் வெள்ளியாய் மின்ன வேண்டும் என்று எண்ணி, பல கவசங்களை நீலம் போகும்வரை தேய்த்துத் துலக்கிவிட்டார்கள். திரைப்படங்களில் வரும் பளபள வீரர்களுக்கு அந்தத் துலக்கலிலும் ஒரு பங்கு உண்டு.

அடுத்து அது கடிகாரத்துக்குள் நுழைந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் ஆபிரகாம் லூயி பிரெகே வடிவமைத்த மெல்லிய முட்களில் பல நீல எஃகால் ஆனவை. சூடு எங்கும் சீராகப் பரவ முள்ளைப் பித்தளைத் தூளின்மேல் கிடத்திச் சூடேற்றுவார்கள். ஊதா நீலமாகும் அந்த நொடியில் எடுக்க வேண்டும். சற்றே அசந்தால் சாம்பல் நிறமாகிவிடும், மெருகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். இந்தத் தொல்லையைத் தவிர்க்க, மலிவுக் கடிகாரக்காரர்கள் முள்ளுக்கு நீல வண்ணம் பூசிவிட்டார்கள்.

துப்பாக்கிக் குழலில் கதைக்குத் தென்னிந்தியத் தொடர்பு ஒன்று கிடைக்கிறது. தமிழகம் உள்ளிட்ட பகுதிகளில் மூசையில் உருக்கிய எஃகு மேற்கு ஆசியாவுக்குக் கப்பலேறியது. அத்தகைய எஃகில் அடித்த வாள்களில் நீரலை போன்ற வரிகள் ஓடும். ஐரோப்பியர் அவற்றை டமாஸ்கஸ் எஃகு என்று கொண்டாடினார்கள். அதே எஃகைச் செய்யும் நுட்பம் கைவராத குழல் கொல்லர்கள், இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்து வரிகளை மட்டும் நகலெடுத்தார்கள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரம் இதில் பேர்பெற்றது. ஆனால் வெறும் மெருகில் வரி எடுப்பாகத் தெரியாது. அமிலக் கலவை தடவி, ஈரப்பதத்தில் வைத்துத் துருவேற்றினால் இரும்பு ஒரு நிறமும் எஃகு ஒரு நிறமும் காட்டும். காலமெல்லாம் விரட்டிய துருவை அவர்கள் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். துருவேறிய குழலைக் கொதிநீரில் இட்டால் செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறும். அதைத் துலக்கி, மறுபடி துருவேற்றி, மறுபடி கொதிக்கவைக்க வேண்டும். ஒரு குழலுக்கே பல நாள் பிடிக்கும்.

தொழிற்சாலைக்கு அவ்வளவு பொறுமை ஏது? 1870-களில் இங்கிலாந்தில் பேராசிரியர் பார்ஃப் செஞ்சூடான இரும்பின்மீது மிகைவெப்ப நீராவியைச் செலுத்தி அதே கறுப்பு ஆக்சைடை வரவழைத்தார். கடையில் வாங்கும் கறுப்பு டிரில் பிட்டுகள் பலவும் இன்றும் நீராவியில் கறுத்தவையே. 20-ஆம் நூற்றாண்டில் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த, ஏறத்தாழ 140 டிகிரியில் கொதிக்கும் தொட்டிகள் வந்தன. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. தெறித்தால் தோல் வெந்துபோகும் என்பதால் அது வீட்டுக்கு ஆகாது.

வீட்டுக்கு ஆகும் வழி ஏற்கெனவே ஸ்வீடனில் தற்செயலாகப் பிறந்திருந்தது. 1817-ல் வேதியியலர் பெர்சீலியஸ், தாம் பங்குதாரராக இருந்த கந்தக அமில ஆலையின் செந்நிற வண்டலை ஆராய்ந்தார். சூடாக்கினால் முள்ளங்கி வாடை அடித்தது. அப்போது அந்த வாடையை டெலூரியத்துக்கு உரியதென்று நம்பியதால் அவரும் அப்படியே முடிவுகட்டினார். பிறகு சந்தேகம் வந்து மறுபடி சோதித்தபோது அது புதிய தனிமம், செலினியம்.

குப்பிக்குள் இருப்பது பெரும்பாலும் அந்தச் செலினியத்தின் அமிலமும் மயில்துத்தமும்தான். மயில்துத்தக் கரைசல் இரும்பில் பட்டதும் செம்பு படியும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர்களுக்கு இது பழகிய வித்தை. இரும்பில் கோடு கிழித்து அடையாளமிடும் முன் அதைத்தான் தடவுவார்கள். செலினியமும் சேர்ந்தால் செம்பு நிறத்துக்குப் பதில் காப்பர் செலினைடு என்ற கறுப்புப் படிவு உண்டாகும். இந்த இரண்டு தனிமங்களும் பழைய கூட்டாளிகள். இன்று உலகின் செலினியத்தில் பெரும்பகுதி, செம்பைச் சுத்திகரிக்கும் தொட்டிகளின் அடியில் தங்கும் கசடிலிருந்தே கிடைக்கிறது.

ஆக, கொல்லரின் நீலமும் லியேஜின் கறுப்பும் இரும்பின் ஆக்சைடுகள். குப்பியின் கருமை அந்தக் குடும்பமே இல்லை. அடிக்கடி கைபடும் இடத்தில் அது சீக்கிரம் வெளுக்கும். பிசுக்கு கொஞ்சம் மிஞ்சினாலும் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். செலினியம் நஞ்சு என்பதால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ஆனாலும் தேய்ந்துபோன திருகின் தலையையோ பழைய உளியின் கீறலையோ மறைக்க இதைவிட எளிய வழி கிடையாது. ஒன்றில் மட்டும் இந்தப் போலியும் அசலும் சமம். பதநிறமோ துருக்கறுப்போ குப்பிக்கருமையோ, எதுவும் தனியாகத் துருவைத் தடுத்துவிடாது. எண்ணெயைப் பிடித்துவைக்கத்தான் உதவும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்துவைக்க வேண்டும் என்ற விதிக்கு மாற்றை மட்டும் இன்னும் யாரும் குப்பியில் அடைக்கவில்லை.