வானலையில் ஒரு கழகம்

‘கழகம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் நெடிய வரலாறு உண்டு. திருக்குறளில் அது சூதாடும் இடத்தைக் குறிக்கின்றது; ‘சூது’ அதிகாரத்தைப் படிப்போர் இதனைக் காணலாம். கம்பரிடம் வரும்போது கலை பயிலும் இடமும் கழகம் என்ற பெயரைப் பெற்றுவிடுகின்றது. கெடுவதற்கும் கற்பதற்கும் மனிதனுக்குக் கூட்டம் வேண்டியிருக்கின்றது என்று இதற்கு நான் பொருள் சொல்வதுண்டு.

ஒருநாள் தரம் பத்து வகுப்பில் இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், வானொலிக் கழகம் எண்டா அது எந்தக் கழகம்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. அவன் ஒரு சாரணன். ஒக்டோபர் மாதத்தில் உலகச் சாரணர்கள் வானலை வழியே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ‘வானலை ஜம்போரி’ நிகழ்ச்சிக்காக, அமெச்சூர் வானொலியாளர் சிலர் பக்கத்து நகருக்கு வந்து தற்காலிக நிலையம் ஒன்றை அமைக்க இருந்தனர். அதிற் கலந்துகொள்ள ஆசிரியர் ஒருவரின் ஒப்பம் தேவை. பொறுப்பாசிரியர் விடுமுறையில் இருந்தமையால் படிவம் என்னிடம் வந்தது.

நான் உடனே ஒப்பமிடவில்லை. படிவத்தை வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். அதற்கான காரணத்தைப் பின்னர் கூறுகின்றேன். முதலில், அவன் கேட்ட கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

அமெச்சூர் வானொலி என்பது நாம் பாட்டும் செய்தியும் கேட்கும் ஒலிபரப்பு அன்று. தனிமனிதர், அரசிடம் அனுமதிப்பத்திரம் பெற்று, தம் வீட்டிலுள்ள கருவியால் வேறோர் ஊரிலோ நாட்டிலோ உள்ள இன்னொருவரோடு பேசுவது அது. இதிற் கூலி வாங்கக் கூடாது. வணிகம் செய்யக் கூடாது. பொருளை மறைக்கும் இரகசியக் குறியீட்டிற் பேசக் கூடாது. ‘அமெச்சூர்’ என்ற சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் அன்பு செய்பவன் என்ற பொருளைத் தருவது. வள்ளுவர் அன்புடையாரை ‘ஆர்வலர்’ என்றார். ஆகவே ‘வானொலி ஆர்வலர்’ என்று நாம் மொழிபெயர்த்தால் வேர்ப்பொருளும் கெடாது நிற்கின்றது.

1901 டிசெம்பரில் மார்க்கோனி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்த மூன்று புள்ளிகளை நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எத்தனையோ இளைஞர்கள் கம்பிச் சுருளும் படிகக் கல்லும் கொண்டு கொட்டில்களிற் குந்தியிருந்தனர். ஒருவன் செய்த பிழையையே மற்றவனும் செய்தான். ஒருவன் அனுப்புவது மற்றவனுக்கு இடைஞ்சலாயிற்று. இந்த நிலையிலேதான் கழகங்கள் தோன்றின. 1913 இல் இலண்டன் கம்பியில்லாத் தந்திக் கழகம் தொடங்கப்பட்டது. 1922 இல் பெரிய பிரித்தானியாவின் வானொலிச் சங்கம் என்ற பெயரைப் பெற்று இன்றும் இயங்குவது இதுவே.

அமெரிக்காவில் நடந்த கதை இன்னும் சுவையானது. கனெக்டிக்கட் மாநிலத்து ஹார்ட்போர்ட் நகரில் ஹைரம் பேர்சி மக்சிம் என்ற பொறியியலாளர் இருந்தார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மக்சிமின் மகன் இவர். 1914 ஏப்ரலில், சுமார் 30 மைல் தொலைவிலுள்ள ஸ்பிரிங்பீல்ட் நகர் ஆர்வலர் ஒருவருக்குச் செய்தி அனுப்ப முயன்றார்; முடியவில்லை. வழியிலுள்ள வின்ட்சர் லொக்ஸ் என்னும் ஊரிலிருந்த இன்னோர் ஆர்வலர் அதனை வாங்கி அப்பால் அனுப்பி உதவினார். ஒருவர் கை எட்டாத இடத்துக்கு இருவர் கை எட்டும் என்ற உண்மை மக்சிமின் மனதிற் பதிந்தது. தாம் சார்ந்த ஹார்ட்போர்ட் வானொலிக் கழகத்தின் கூட்டத்திலே, செய்தியைக் கைமாற்றிக் கைமாற்றி நாடு முழுவதும் அனுப்பும் அமைப்பு ஒன்று வேண்டும் என்றார். கிளாரன்ஸ் ரஸ்கா என்ற இளைஞர் துணைநிற்க, அந்த ஆண்டு மே மாதத்திலேயே அமெரிக்க வானொலி அஞ்சல் கழகம் பிறந்தது. தந்தையின் பெயர் துப்பாக்கியோடு நிற்க, மகனின் பெயர் இதனோடு நிற்கின்றது.

இனி, இந்த வரலாற்றின் மிகச் சிறந்த பக்கத்துக்கு வருவோம். 1912 இல் அமெரிக்கச் சட்டம் ஆர்வலர்களை 200 மீற்றரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குத் தள்ளிவிட்டிருந்தது. குறுகிய அலைகள் தூரம் செல்லா, அவை எதற்கும் உதவா என்பதே அன்றைய அறிஞர் பலரின் எண்ணம். புறம்போக்கு நிலத்தைக் கொடுத்தது போலத்தான் அது. ஆனால் அந்தக் குற்றலைகள் பூமிக்கு மேலேயுள்ள மின்மண்டலத்திற் பட்டுத் தெறித்துப் பல்லாயிரம் மைல் தாண்டி இறங்கும் என்பதை அங்கு குடியேறியவர்களே நடைமுறையிற் காட்டினர். 1921 டிசெம்பரில் அமெரிக்க ஆர்வலர்களின் குறிகள் ஸ்கொத்லாந்தின் ஆட்ரொசன் கரையில் கூடாரமடித்துக் காத்திருந்த போல் கொட்லியின் காதுக்கு எட்டின. 1923 நவம்பரில் பிரான்சின் லியோன் டெலோயும் அமெரிக்காவின் பிரெட் ஷ்னெலும் சமுத்திரத்துக்கு இருபுறமும் இருந்து உரையாடினர்.

அடுத்த ஆண்டு, 1924 ஒக்டோபர் 18 ஆந் திகதி, இலண்டன் மில் ஹில் பாடசாலையின் நிலையத்திலிருந்து செசில் கொய்டர் என்ற பதினெட்டு வயது இளைஞர், நியூசிலாந்தின் ஷாக் பள்ளத்தாக்கிலே செம்மறிப் பண்ணையில் வாழ்ந்த பிராங்க் பெல் என்பவரோடு தொடர்பு கொண்டார். பூகோளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நடந்த முதலாவது இருவழி வானொலித் தொடர்பு அதுவே. ஒரு பள்ளிக்கூடத்திலே அது நிகழ்ந்தது என்பதை ஆசிரியனாகிய நான் பெருமையோடு வாசித்தேன். பிராங்க் பெல்லின் தமக்கை பிரெண்டா பெல் பின்னர் அந்த நிலையத்தைப் பொறுப்பேற்று, நியூசிலாந்தின் முதல் பெண் வானொலி ஆர்வலர் என்ற பெயரைப் பெற்றார்.

கொய்டரின் கதை அங்கு முடியவில்லை. 1936 இல் அவர் அகில இந்திய வானொலியின் பிரதம பொறியியலாளராக இந்தியா வந்தார். 1938 இல் சென்னை நிலையமும் 1939 இல் திருச்சி நிலையமும் தொடங்கப்பட்டபோது அப்பதவியில் இருந்தவர் அவரே. யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் எங்கள் முன்னோர் திருச்சியின் நாதஸ்வரத்தைக் கேட்டு மகிழ்ந்தார்களே, அதற்குப் பின்னால் ஒரு பாடசாலைக் கழகத்துப் பிள்ளையின் கைத்திறன் இருந்தது.

இலங்கையின் ஒலிபரப்பும் கழகம் ஒன்றோடு தொடர்புடையதே. 1921 இல் கொழும்புத் தந்தி அலுவலகத்துக்குப் பிரதம பொறியியலாளராக வந்த எட்வேட் ஹாப்பர், ஆங்கிலேயரும் இலங்கையருமான ஆர்வலரைச் சேர்த்து இலங்கைக் கம்பியில்லாத் தந்திக் கழகத்தை அமைத்தார். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் பாகங்களைக் கொண்டு செய்த சிறிய கருவியால், தந்தி அலுவலகத்தின் ஓர் அறையிலிருந்து இசைத்தட்டுகளைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். 1925 டிசெம்பர் 16 இல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிற்று. இன்று எங்கள் அமெச்சூர் வானொலியாளருக்குத் தாய்க்கழகமாக விளங்கும் இலங்கை வானொலிச் சங்கம் 1950 இல் நிறுவப்பட்டது.

இவ்வளவும் படித்த பின்னரும் படிவம் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. காரணம் என் வீட்டுக்கதை.

எனது மாமா தந்திக் கந்தோரில் வேலை பார்த்தவர். மோர்ஸ் குறிகளை விரலால் மேசையிற் தட்டிக் காட்டுவார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி நான் கையால் மிதியைச் சுற்ற, டைனமோ தரும் மின்சாரத்தில் அவர் றேடியோவைத் திருகுவார். செய்தி முடிந்ததும் நிறுத்தமாட்டார். “தம்பி, இன்னும் கொஞ்சம் சுத்து” என்பார். இரைச்சலுக்குள்ளே எங்கோ யாரோ தட்டும் குறிகளைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுவார். ஒரு குறியை மட்டும் எனக்குச் சொல்லித் தந்தார்: டா டிட் டா டிட், டா டா டிட் டா. ‘கேட்கிறவர் எவராயினும் விடை தருக’ என்பது அதன் பொருள்.

1995 இடப்பெயர்வின்போது தென்மராட்சியில் மாமா காலமானார். அடுத்த ஆண்டு நாங்கள் வீடு திரும்பியபோது அந்தக் கொப்பி பெட்டிக்குள் இருந்தது. அம்மா அதைப் பிரித்துப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புள்ளியும் கோடும். “இதைப் பார்க்கிறவைக்கு என்னெண்டு விளங்கும்?” என்றார். அன்று மாலை அது அடுப்புக்குப் போயிற்று. நான் பக்கத்தில் நின்றேன், தடுக்கவில்லை. அம்மா செய்தது பிழை என்று இன்றும் சொல்லமாட்டேன். வீட்டில் வளர்ந்துவந்த ஆண்பிள்ளை நான் ஒருவனே.

இந்த அச்சம் எங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை வரலாறு எனக்குக் கற்பித்தது. 1914 இல் போர் மூண்டவுடன் பிரித்தானிய ஆர்வலரின் கருவிகள் பறிமுதல் செய்யப்பட்டன. 1917 இல் அமெரிக்காவிலும் நிலையங்கள் மூடப்பட்டன. 1939 இல் மீண்டும் அதே கதை. ஆனால் இரண்டாவது போரில் பிரித்தானிய அரசு ஒரு காரியம் செய்தது. அனுப்பும் கருவியைப் பறித்த அதே ஆர்வலரிடம், உங்கள் காதுகளைத் தாருங்கள் என்று கேட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தத்தம் வீடுகளிலிருந்து எதிரியின் குறிகளைக் கேட்டெழுதி இரகசியமாக அனுப்பினர். கழகம் அவர்களை அறிந்திருந்தது. பெயரும் முகவரியும் அழைப்புக் குறியும் பதிவில் இருந்தன. ஆகவே அரசு அவர்களை நம்ப முடிந்தது. மாமாவுக்கு அப்படி ஒரு கழகம் இருக்கவில்லை. இருந்திருந்தால் அந்தக் கொப்பி தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலம் வேறு. ஆனால் அது என்ன கொப்பி என்று சாட்சி சொல்ல நாலு பேராவது இருந்திருப்பார்கள்.

2004 டிசெம்பர் 26 ஐ நினைத்துப் பாருங்கள். கடல் கரையேறிய அன்று தொலைபேசிகள் செயலிழந்தன. இலங்கை வானொலிச் சங்கத்தினர், அப்போதைய தலைவர் விக்டர் குணதிலக்கவின் முயற்சியில், அம்பாந்தோட்டைக்குக் குற்றலைக் கருவியோடு ஆட்களை அனுப்பி, கொழும்பில் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லத்தில் அமைத்த நிலையத்தோடு தொடர்பு ஏற்படுத்தினர். அந்தமானின் போட் பிளேயரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி, ஹைதராபாத்திலிருந்து வந்த ஆர்வலர் குழுவோடு வானொலிப் பயணமாக அந்த வேளையில் தங்கியிருந்தார். பூமி நடுங்கியதும் தம் பொழுதுபோக்கை நிறுத்தி, தீவுகளுக்கும் பெருநிலத்துக்குமிடையே செய்தி சுமக்கலானார். கார் பற்றரி ஒன்றில் இயங்கக்கூடிய கருவியும், நீள் கம்பி ஒன்றும், பயின்ற காதும் இதற்குப் போதுமாயிருந்தன. அந்தக் காது ஒரு நாளிற் பயின்றதன்று. மாலை வகுப்புகளிலும், வயல்வெளியில் தற்காலிக நிலையம் அமைக்கும் பயிற்சிகளிலும், மறைத்து வைத்த கருவியைத் திசையறிந்து தேடும் ‘நரி வேட்டை’ விளையாட்டுகளிலும் கழகங்கள் வருடக்கணக்கில் பயிற்றிய காது அது.

நான் ஒப்பமிட்டேன். பிள்ளைகளோடு நானும் சென்றேன்.

அங்கே மரத்திலிருந்து கம்பி இழுத்துக் கட்டியிருந்தார்கள். முதியவர் ஒருவர் பிள்ளைகளை இருத்தி, முதல் அரை மணி நேரம் பேச விடவில்லை; கேட்க மட்டும் சொன்னார். “காதைத் தீட்டாமல் வாயைத் திறக்கக் கூடாது, பிள்ளையள்” என்றார். ஒவ்வொரு தொடர்பையும் நேரத்தோடு கொப்பியில் எழுதுவித்தார். ஒளிக்க ஒன்றுமில்லாத கொப்பி அது. பின்னர் எங்கள் மாணவன், முதியவர் அருகிலிருந்து வழிகாட்ட, தன் பெயரையும் ஊரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னான். இரைச்சலுக்கு அப்பாலிருந்து ஒரு பிள்ளையின் குரல் அந்தப் பெயரைத் தடக்கித் தடக்கித் திருப்பிச் சொல்லிற்று. கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

தேநீர் வேளையில் முதியவர் கருவியை மெல்லத் திருகிக்கொண்டிருந்தார். குரல்களுக்கு இடையிலே சட்டென்று அது கேட்டது. டா டிட் டா டிட், டா டா டிட் டா. “ஐயா, கொஞ்சம் நில்லுங்கோ” என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “உங்களுக்கு மோர்ஸ் தெரியுமே?” என்று கேட்டார். “இது ஒண்டு மட்டும் தெரியும்” என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

நேயர்களே, நாரையையும் கிளியையும் நெஞ்சையும் தூது விட்ட இலக்கியம் எங்களுடையது. அந்தத் தூதெல்லாம் குறித்த ஒருவரை நாடிச் சென்றது. வானொலி ஆர்வலரின் அழைப்போ முகமறியாத எவரையும் நாடுவது. 2003 இல் நடந்த உலக வானொலி மாநாட்டின் பின் மோர்ஸ் கட்டாயமன்று. நாடுகள் பல அதனைப் பரீட்சையிலிருந்து நீக்கிவிட்டன. எனவே படிக்க விரும்பும் பிள்ளைக்குத் தடை குறைவு. ஆனால் வழி ஒன்றே. முதலிற் கழகம், பின் பரீட்சை, பின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம், அதன் பின்னரே அழைப்பு. அனுமதியின்றி அனுப்புவது குற்றம் என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் கல்லூரியில் சிறிய வானொலிக் கழகம் ஒன்றைத் தொடங்க அதிபரிடம் கேட்டிருக்கின்றோம். இப்போதைக்குக் கேட்பதற்கு மட்டுமே ஒரு பழைய றேடியோ உண்டு. ஏனைய பாடசாலை ஆசிரியர்களும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்த மாணவன் புதுக் கொப்பி ஒன்று வாங்கி, முதற் பக்கத்தில் புள்ளியும் கோடும் எழுதி என்னிடம் காட்டினான். ஒரு பிழை இருந்தது. திருத்திக் கொடுத்து, மேலே அவன் பெயரையும் திகதியையும் எழுதச் சொன்னேன்.