மறதியின் சரித்திரம்

அபிராமபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒருவர் குடியிருந்தார். கணக்கில் புலி. பெரிய தொகைகளைக் காகிதமில்லாமல் பெருக்கிச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு சமயம் மறதி கண்டது. கடைக்குப் போவார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவார். சட்டைப் பொத்தானைப் போடக்கூட விரல்கள் தடுமாறின. அவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது: "மனசாட்சி உறுத்துகிறது, ஸார்! அதுதான் புத்தி பேதலித்துவிட்டது." நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் பல நாள் என்னை உறுத்திற்று. அதற்குப் பிறகுதான் இந்த நோயின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

தேசத்தைப் பொறுத்தவரை அந்தச் சரித்திரம் நம் ஊரிலேதான் தொடங்குகிறது. எய்ட்ஸ் என்பது மேல்நாட்டு வியாதி, நம்மை அண்டாது என்று எல்லாரும் நிம்மதியாக இருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதை ஆராய்ந்து பார்க்கச் சொன்னார். நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்து, தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். பரிசோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியில் மாதிரிகளை வைத்துக்கொண்டு வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். ஆறு மாதிரிகளில் நோய் இருப்பது தெரிந்தது. அந்த மே மாதம், சுகாதார மந்திரி எச்.வி. ஹண்டே அதைச் சட்டசபையில் அறிவித்தார்.

அதே 1986-ல் நியூயார்க்கில் நேவியா, பிரைஸ் என்ற டாக்டர்களும் அவர்கள் கூட்டாளிகளும் வேறொன்றை எழுதி வெளியிட்டார்கள். எய்ட்ஸ் நோயாளிகள் பலருக்கு மறதி, மந்தம், கைகால் தடுமாற்றம் எல்லாம் சேர்ந்து வருவதைக் கண்டு, அதற்கு 'எய்ட்ஸ் டிமென்ஷியா' என்று பெயர் சூட்டினார்கள். மனசாட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூளையே நோயுற்றிருக்கிறது என்பது அதன் தாத்பரியம்.

எப்படி நோயுறுகிறது? மூளைக்கு ஒரு கோட்டைச் சுவர் உண்டு. ரத்தத்தில் வரும் கண்டதையும் அது உள்ளே விடாது. ஆனால் காவலுக்குப் போகும் வெள்ளை அணுக்களை விடும். கிருமி அந்தக் காவலாளிகளுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு நுழைந்துவிடுகிறது! உள்ளே போனபின் அது குடியேறுவது பெரும்பாலும் நினைவைத் தாங்கும் நரம்பணுக்களில் அல்ல. அவற்றுக்குப் பாதுகாப்பாக நிற்கும் மைக்ரோக்லியா என்ற அணுக்களில். அங்கிருந்து கிருமியின் புரதங்களும், அழற்சியினால் சுரக்கும் நச்சுப் பொருள்களும் கசிகின்றன. நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குகின்றன; ஒன்றோடொன்று பேசும் இணைப்புகள் அறுகின்றன. ஞாபகத்தைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸும், கைகால் அசைவுக்கு உதவும் அடிப்பகுதியும் பழுதுபடுகின்றன. கணக்கர் கடைவாசலில் திகைத்து நின்றதற்கும், பொத்தானோடு மல்லாடியதற்கும் காரணம் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் பெரும்பாலும் காண்பது இந்தக் கிருமியின் 'சி' வகை. அதன் டாட் என்ற புரதத்துக்கு வெள்ளை அணுக்களைக் கவர்ந்திழுக்கும் சக்தி குறைவு என்று பெங்களூரைச் சேர்ந்த உதயகுமார் ரங்காவின் குழு 2004-ல் காட்டியது. அப்படியானால் நம்மவர்களின் மூளை தப்பிவிடும் என்று நம்பலாமா? நம்ப முடியவில்லை. சுனிதி சாலமன் 1993-ல் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தின் டாக்டர்களும் சேர்ந்து ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட முடிவின்படி, மருந்து பெறாத, நோய் முற்றிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அறிவாற்றலில் குறை தெரிந்தது.

ஆனால் கதை துக்கத்தோடு முடியவில்லை. 1996 முதல் கூட்டு மருந்துகள் வந்தன. 2004 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் அவற்றை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். தாம்பரம் ஆஸ்பத்திரியும் அவற்றில் ஒன்று. கடுமையான டிமென்ஷியா வெகுவாகக் குறைந்தது. லேசான மறதி மட்டும் சிலரைத் தொடர்கிறது. அதிலும் ஒரு விபரீதம் பாருங்கள்: மறதியைத் தடுக்கும் மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிட வேண்டும், மறதிக்காரருக்கோ அந்த வேளைதான் மறந்துபோகிறது! அருகில் இருந்து ஞாபகப்படுத்த ஒரு மனுஷர் வேண்டும்.

இந்த மறதியைக் கண்டுபிடிக்க 2005-ல் ஓர் எளிய சோதனை வகுத்தார்கள். நாலு சொற்களைச் சொல்வது. விரல்களைத் தட்டச் சொல்வது. கையை முறைப்படி மாற்றி மாற்றி வைக்கச் சொல்வது. பிறகு அந்த நாலு சொற்களைத் திரும்பக் கேட்பது. பெரிய யந்திரம் எதுவும் வேண்டாம். எதிரில் உட்கார்ந்து கேட்க ஒருவர் இருந்தால் போதும்.

எங்கள் தெருவில் அப்படி யாரும் உட்காரவில்லை. நோயாளிகளை ஒதுக்கக் கூடாது என்று 2017-ல் சட்டம் பிறந்தது. அதற்கு முன்பே கணக்கர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். எங்கே போனார் என்று சமீபத்தில் ஒவ்வொருவராக விசாரித்தேன். ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. எங்கள் மறதிக்கு எந்தக் கிருமியின்மேலும் பழிபோட முடியாது.