ஹம்பி யானைக் கொட்டாரம்

கர்நாடகத்தின் ஹம்பியில், விஜயநகரப் பேரரசின் அரண்மனைப் பகுதியில் உள்ள நீண்ட கட்டடம். கன்னடத்தில் கஜசாலை எனப்படும். தாமரை மகால் அமைந்த மதில் வளாகத்தின் கிழக்கே, பரந்த திடலைப் பார்த்தபடி மேற்கு நோக்கி நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்ததாகக் கருதப்படுகிறது.

வரிசையாகப் பதினொரு சதுர அறைகள்; ஒவ்வொன்றுக்கும் உயர்ந்த வளைவு வாசல். நடு அறையின் மேல் மண்டபம் போன்ற மேல்தளம் இருந்து சிதைந்துள்ளது. விழாக்காலத்தில் வாத்தியக்காரர்கள் அமர்ந்த இடம் என்று ஊகிக்கிறார்கள். அதன் இருபுறமும் ஐந்தைந்தாக உள்ள அறைகளுக்குக் குவிமாடங்கள் உண்டு. அவை ஒரே வார்ப்பில் இல்லை. ஒன்று வழவழப்பான அரைக்கோளம், மற்றொன்று வரிவரியாக மடிந்தது, வேறொன்று பட்டைகள் கொண்டது. ஆனால் வலப்புறம் உள்ளது அப்படியே இடப்புறமும் இருக்கும். பாகர்கள் நுழைய அறைகளின் பின்சுவரில் சிறு வழிகள் விடப்பட்டுள்ளன.

வளைவு, குவிமாடம், சுண்ணச் சாந்து எல்லாமே தக்காணச் சுல்தான்களின் கட்டடக்கலையைச் சேர்ந்தவை. இஸ்லாமிய அரசுகளுக்கு எதிரான இந்துக் கோட்டை என்று மட்டும் விஜயநகரத்தைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம், அந்நகரத்தவருக்கு இருந்திருக்காது. இரண்டாம் தேவராயர் (1424–1446) முஸ்லிம் வீரர்களைப் படையில் சேர்த்தவர். அவருடைய அதிகாரி அகமது கான் 1439இல் நகருக்குள்ளேயே கட்டிய பள்ளிவாசல் இன்றும் உள்ளது. கோயில் என்றால் தூணும் உத்தரமும், அரண்மனைக் கட்டடம் என்றால் வளைவும் குவிமாடமும் என இரு மரபுகளையும் இடமறிந்து கையாண்டார்கள்.

யானை வளர்ப்பு பற்றிய சுவையான குறிப்பு அப்துர் ரசாக்குடையது. ஹெராத்தில் ஆண்ட திமூரிய மன்னர் ஷாருக்கின் தூதராக 1443இல் வந்தவர் அவர். ஒவ்வொரு யானைக்கும் தனிக் கொட்டில். சுவர்கள் மிக உறுதியானவை. கழுத்திலும் முதுகிலும் பூட்டிய சங்கிலிகள் மேலே கூரையோடு பிணைக்கப்பட்டிருந்தன என்கிறார். தீனி கிச்சடி. வெந்ததைக் கொப்பரையிலிருந்து எடுத்து, உப்பும் சர்க்கரையும் தூவிப் பிசைந்து, இரண்டு மணங்கு எடையுள்ள உருண்டைகளாக்கி, வெண்ணெயில் தோய்த்துப் பாகன் வாயில் திணிப்பான். நாளைக்கு இரண்டு வேளை. ஏதாவது ஒரு பொருள் விட்டுப்போனால் யானை பாகனைத் தாக்கும்; அதற்குமேல் அரசரும் தண்டிப்பார். பாகன் பிழைப்பு அவ்வளவு லேசானதல்ல.

ரசாக் பார்த்த கொட்டில்களுக்குக் கூரை மரத்தாலானது. ஆகவே அவை இன்று நிற்கும் இந்தக் கட்டடம் அல்ல. ஆயினும் இங்கும் கூரையின் உட்புறத்தில் சங்கிலி மாட்டும் கொக்கிகள் இருப்பதைக் காட்டுகிறார்கள். யானைக் கொட்டாரம் என்ற பெயர் பிற்காலத்தில் வழங்கியது. வாசலின் உயரமும் அறையின் அகலமும் பார்த்துச் சூட்டியது. பேரரசின் படையானைகளைக் கட்ட இந்த அறைகள் போதவே போதா. பட்டத்து யானையும் விழா யானைகளும் மட்டும் நின்ற இடம் என்று கொள்வதே பொருத்தம். முகப்புத் திடலும் நடுவிலுள்ள மேல்மண்டபமும் அதற்கே இசைகின்றன.

யானைகள் உள்நாட்டுக் காடுகளில் பிடிபட்டன. 'யானை வேட்டைக்காரர்' எனப் பொருள்படும் கஜபேட்டகாரர் என்ற விருது இரண்டாம் தேவராயருக்கு உண்டு. குதிரைகளோ கடல் கடந்து வரவேண்டியிருந்தது. தென்னாட்டுத் தட்பவெப்பம் அவற்றுக்கு ஒத்துவராது என்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே பாண்டிய நாட்டில் மார்க்கோ போலோ கண்டிருக்கிறார்: ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கினாலும் லாடம் கட்டவும் பராமரிக்கவும் தெரிந்தவர் இல்லாமல் பெரும்பாலானவை மாண்டன. சாளுவ நரசிம்மர் (1485–1491) ஓர்முசு, ஏடன் துறைகளிலிருந்து வந்தவற்றை, உயிரோடு இருந்தாலும் இறந்திருந்தாலும், மூன்று குதிரைக்கு ஆயிரம் வராகன் என வாங்கினாராம். கடலில் செத்ததற்கு வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும். போர்த்துகீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிசு எழுதிவைத்த செய்தி இது. அவர் காலத்தில் அரசர் ஆண்டுக்கு 13,000 குதிரைகள் வாங்கி, சிறந்தவற்றைத் தம் லாயத்தில் நிறுத்திக்கொண்டு மற்றவற்றைப் படைத்தலைவர்களுக்குக் கொடுத்தார். ஹம்பி அரண்மனைப் பகுதியிலுள்ள மகாநவமி மேடையின் கற்களில் யானையும் குதிரையும் ஊர்வலமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்கால் தூக்கிப் பாயும் கற்குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு, அந்த மோகம் காவிரிக்கரை வரை வந்தது தெரியும்.

தக்காணச் சுல்தான்களோடு நடந்த 1565 தலைக்கோட்டைப் போரில், பேரரசின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த இராமராயர் கொல்லப்பட்டார். அவர் தம்பி திருமலர் 550 யானைகளில் செல்வத்தை ஏற்றிக்கொண்டு பெனுகொண்டாவுக்குப் போனதாக 1900இல் வரலாற்றாசிரியர் ராபர்ட் சிவெல் எழுதினார். நகரம் சூறையாடப்பட்டுத் தீக்கிரையானது. அரசர்களின் அரண்மனைகளுக்குக் கல் அடித்தளத்தின் மேல் மரத்தில் கட்டடம் எழுப்பியிருந்ததால் இன்று மேடைகளே மிஞ்சியுள்ளன. கல்லும் சுண்ணமுமாகக் கட்டிய கொட்டாரம் தப்பியது.

1799இல் காலின் மெக்கன்சி இந்த இடிபாடுகளை அளந்து வரைபடமாக்கினார். 1856இல் அலெக்சாண்டர் கிரீன்லா புகைப்படம் எடுத்தார். 1953 வரை ஹம்பி சென்னை மாகாணத்துப் பெல்லாரி மாவட்டத்தில் இருந்தது. 1986இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2021இல் பெல்லாரியிலிருந்து பிரிந்த விஜயநகர மாவட்டத்துக்குள் இப்போது அடங்குகிறது. தொல்லியல் துறை பராமரிக்கும் இக்கொட்டாரத்தின் வடபுறத்தில், காவலர் விடுதி எனப்படும் தூண் வரிசைக் கட்டடம் ஒன்றும் உள்ளது. அகழ்வில் கிடைத்த சிற்பங்களை அங்கே வைத்திருக்கிறார்கள்.