பட்டம் தராத விருது: ஆர்டர் ஆஃப் மெரிட்

இங்கிலாந்து அரச விருது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 'சர்' பட்டம்தான். ஆனால் அங்கே அதைவிட உயர்வாக மதிக்கப்படும் விருது ஒன்று உண்டு. அதை வாங்கினால் 'சர்' கிடையாது, நிலம் கிடையாது, பணமும் கிடையாது. பெயருக்குப் பின்னால் ஓ.எம். என்று இரண்டு எழுத்து போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்! அதுதான் ஆர்டர் ஆஃப் மெரிட்.

இந்த யோசனைக்கு முன்மாதிரி ஜெர்மனியில் இருந்தது. பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1740-ல் 'பூர் லெ மெரிட்' என்ற விருதை ஏற்படுத்தினார். முதலில் அது பெரும்பாலும் போர் வீரர்களுக்கானது. 1842-ல் அறிவியலுக்கும் கலைக்கும் தனிப் பிரிவு வந்தது. சார்லஸ் டார்வினுக்கே 1867-ல் அந்த விருதைக் கொடுத்தார்கள். டார்வின் பிறந்த நாடு? கடைசி வரை அவருக்கு ஒரு 'சர்' பட்டம்கூடக் கொடுக்கவில்லை.

ஒருவழியாக 1902 ஜூன் 23 அன்று ஏழாம் எட்வர்ட் இந்த விருதைத் தொடங்கினார். மூன்று நாளில் முடிசூட்டு விழா. ஆனால் அடுத்த நாளே அரசருக்குக் குடல்வால் நோய்க்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. விழா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. அந்தச் சிகிச்சைக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் ஜோசப் லிஸ்டர். அறுவை சிகிச்சையில் கிருமிநாசினி முறையைக் கொண்டுவந்தவர். முதல் பட்டியலில் இருந்த 12 பேரில் அவரும் ஒருவர் என்பதுதான் வேடிக்கை!

விருதின் மதிப்புக்குக் காரணம் எளிது. ஒரே சமயத்தில் 24 பேருக்கு மேல் உறுப்பினராக இருக்க முடியாது. ஒருவர் இறந்தால்தான் இன்னொருவருக்கு இடம். அளிப்பு குறைந்தால் விலை ஏறும் என்ற பொருளியல் பாடம் இங்கேயும் பொருந்துகிறது. இன்னொன்று, இதில் பிரதமரின் சிபாரிசுக்கு வேலை இல்லை. தேர்வு அரசருடையது மட்டுமே. இப்படிப்பட்டதையும் கிப்ளிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சின்னத்தைப் பார்ப்போம். நீல விளிம்பிட்ட சிவப்பு எனாமல் சிலுவை, மேலே கிரீடம். நடுவில் நீல வட்டத்துக்குள் 'ஃபார் மெரிட்', அதாவது 'தகுதிக்காக' என்று தங்க எழுத்து. சுற்றிலும் வாகை மாலை. நாடா பாதி நீலம், பாதி சிவப்பு. ஆண்கள் கழுத்தில் தொங்கவிடுவார்கள்; பெண்கள் நாடாவை முடிச்சாக்கித் தோளருகே குத்திக்கொள்வார்கள். ராணுவத்தினருக்கு மட்டும் சிலுவையின் குறுக்கே இரண்டு வாள்கள் இருக்கும்.

இந்த வாள்களுக்கு என்ன ஆனது என்பதில்தான் விருதின் வரலாறே இருக்கிறது. முதல் 12 பேரில் ஐந்து பேர் தளபதிகள். கிச்சனர் அவர்களில் ஒருவர். ரஷ்யாவைத் தோற்கடித்த ஜப்பானின் அட்மிரல் டோகோவுக்கு 1906-லும், ஐசன்ஹோவருக்கு 1945-லும் கௌரவ விருது போனது. கௌரவ உறுப்பினர்கள் 24 என்ற கணக்கில் சேரமாட்டார்கள். 1965-ல் மவுண்ட்பேட்டனுக்குக் கிடைத்தது. இந்தியாவின் கடைசி வைஸ்ராய் என்று நம் பாடப்புத்தகத்தில் வருபவரேதான். அவருக்குப் பிறகு வாள் பதித்த சின்னம் யாருக்கும் வழங்கப்படவில்லை. அவர் 1979-ல் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டபோது ராணுவப் பிரிவே காலியானது.

முதல் பட்டியலில் பெண் ஒருவர்கூட இல்லை. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலுக்குக் கொடுக்கவே 1907 ஆகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 87. பார்வை போய், நினைவும் மங்கிவிட்டிருந்தது. வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். "ரொம்ப அன்பு, ரொம்ப அன்பு" என்று மட்டும் முணுமுணுத்ததாகச் சொல்வார்கள். இருபது வருடம் முன்னால் கொடுத்திருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அப்போது விருதே இல்லையே!

சரி, அடுத்த பெண்ணுக்காவது சீக்கிரம் கிடைத்ததா? 58 வருடம் ஆனது. 1965-ல் வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின் வாங்கினார். அதற்கு முந்தைய வருடமே அவர் நோபல் பரிசு வாங்கியிருந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் அவரிடம் படித்த மாணவி ஒருவரும் 1990-ல் இதே விருதைப் பெற்றார். அந்த மாணவி, பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர். அரசியலில் இருவரும் நேர் எதிர்!

திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1963-ல் குடியரசுத் தலைவராக இருந்தபோது கௌரவ உறுப்பினரானார். அன்னை தெரசாவுக்கு 1983-ல் கிடைத்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு வந்தது 2022 நவம்பரில். அவர் பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் கௌரவ உறுப்பினர் அல்ல, 24 பேரில் ஒருவராகவே சேர்ந்தார். ஹாட்ஜ்கின் பயன்படுத்திய எக்ஸ்ரே படிகவியலைக் கொண்டே ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்தவர் அவர். 2012-லேயே 'சர்' பட்டம் கிடைத்தும் அதைப் பெரும்பாலும் போட்டுக்கொள்வதில்லை.

அன்று அறிவிக்கப்பட்ட ஆறு பேரும் எலிசபெத் ராணி இறப்பதற்கு முன் தேர்ந்தெடுத்தவர்கள். அவர்களில் தளபதி ஒருவரும் இல்லை. அரிவாள் செல் ரத்தசோகை நோயாளிகளுக்காக உழைத்த எலிசபெத் அனியோன்வு இருந்தார். அவர் ஒரு நர்ஸ்.