கணுக்கால் மூட்டுத் தேய்மானம்: இணைப்பா, செயற்கை மூட்டா? அறுவைக்கு முன் அறிய வேண்டியவை

புதுடெல்லி: இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து முறிந்த கணுக்கால் கூடிவிட்டது, மாவுக்கட்டும் பிரித்தாயிற்று என்று மறந்துபோன ஒருவருக்கு, பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் வலி தொடங்கக்கூடும். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகள் கடினமாகும். படியிறங்கும்போது குத்தும். மாலையில் மூட்டைச் சுற்றி வீங்கும். கணுக்கால் ஆர்த்தரைட்டிஸ் எனப்படும் மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

முழங்கால், இடுப்பு மூட்டுகள் முதுமையில் தேய்வது இயல்பு. கணுக்கால் மூட்டு தானாகத் தேய்வது அரிது. அமெரிக்காவின் அயோவாவிலும் சுவிட்சர்லாந்தின் பேசலிலும் நடத்தப்பட்ட ஆய்வுகளில், கணுக்கால் தேய்மானம் கொண்டோரில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குப் பழைய முறிவோ, தசைநார்க் காயமோ காரணமாக இருந்தது. முழங்கால் நோயாளிகளைக் காட்டிலும் இவர்கள் இளையவர்கள் என்பதற்கும் அதுவே காரணம். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 4,43,366 பேர் காயமடைந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் கணுக்கால் முறிந்தவர்களின் கணக்கு 2040-களின் புறநோயாளிப் பிரிவுகளில்தான் தெரியவரும்.

ஒரு முறிவு எதற்காக இத்தனை ஆண்டுகள் கழித்துத் தொல்லை தர வேண்டும்? டிபியா, ஃபிபுலா என்ற இரு கீழ்க்கால் எலும்புகள் அமைக்கும் கவ்விக்குள் டேலஸ் என்ற எலும்பு இறுக்கமாகப் பொருந்தி அசைவதே கணுக்கால் மூட்டு. டேலஸ் வெறும் 1 மில்லிமீட்டர் வெளிப்புறம் நகர்ந்தாலே எலும்புகள் தொட்டுக்கொள்ளும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைவதை 1976-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதே உடல் எடை சிறிய பரப்பில் அழுந்தும்போது குருத்தெலும்பு நாளடைவில் உதிர்ந்துவிடுகிறது. முறிவு 'கூடியது' என்பதும் 'சரியான இடத்தில் கூடியது' என்பதும் வெவ்வேறு.

நின்று எடுத்த எக்ஸ்ரே

நோயறிதலில் முதல் கேள்வி, எக்ஸ்ரே எப்படி எடுக்கப்பட்டது என்பதே. படுத்த நிலையில் எடுத்த படத்தில் மூட்டு இடைவெளி இருப்பதுபோல் தோன்றலாம். பாதத்தில் எடையை ஊன்றி நின்று எடுத்த படத்தில்தான் எலும்போடு எலும்பு உரசுவதும் பாதத்தின் சாய்வும் தெரியும். நோயாளி தாமே கேட்டுப் பெறலாம். கூடுதல் செலவில்லை.

வலி கணுக்காலிலிருந்து வருகிறதா, அதற்குக் கீழேயுள்ள சப்டேலார் மூட்டிலிருந்து வருகிறதா என்பதில் ஐயம் இருந்தால், ஒரு மூட்டுக்குள் மட்டும் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தி, வலி அடங்குகிறதா என்று பார்ப்பதுண்டு. முன்பு அடிபட்ட வரலாறே இல்லாதவருக்கு முடக்குவாதம், கவுட், ஹீமோபிலியா ஆகியவற்றை நினைவில் கொள்ள வேண்டும். இந்தியாவில் காசநோயையும் விலக்கிப் பார்த்தாக வேண்டும்; மூட்டுக் காசநோய் பல மாதங்கள் சாதாரண வீக்கம்போலவே இருந்து ஏமாற்றக்கூடியது.

அறுவைக்கு முன்

எல்லோருக்கும் கத்தி தேவைப்படுவதில்லை. உடல் எடைக் குறைப்பு, எதிர்ப்பக்கக் கையில் ஊன்றுகோல், கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ், அடிப்பகுதி படகுபோல் வளைந்த ராக்கர் காலணி ஆகியவை பலருக்குச் சில ஆண்டுகளைப் பெற்றுத் தருகின்றன. மேலைநாட்டு அறிவுரைகளில் விடுபடும் ஒன்றை இங்கே சேர்க்க வேண்டும். நம் வீடுகளில் காலணியை வாசலில் விட்டுவிடுகிறோம். நாளின் பெரும்பகுதியை வெறுங்காலுடன் சமையலறையில் கழிக்கும் ஒருவருக்கு, வெளியே மட்டும் அணியும் விலையுயர்ந்த காலணியால் பயன் குறைவு. வீட்டுக்குள் அணிய அதே வகையில் தனியாக ஒரு செருப்பு வேண்டும்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களோ மாதங்களோ நிவாரணம் தரும். பிஆர்பி எனப்படும், நோயாளியின் இரத்தத்திலிருந்தே தயாரிக்கும் ஊசி நகரங்களில் பெரிதாக விளம்பரப்படுத்தப்படுகிறது. நெதர்லாந்தில் கணுக்கால் தேய்மானம் கொண்ட 100 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 26 வாரங்களின் முடிவில் அது உப்புநீர் ஊசியைவிட மேலான பலனைத் தரவில்லை. பணம் கட்டும் முன் இந்த முடிவைப் பற்றி மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

இரண்டு வழிகள்

தேய்மானம் முற்றிய நிலையில் இரண்டு அறுவைகள் முன்வைக்கப்படுகின்றன. பியூஷன் எனப்படும் இணைப்பில், எஞ்சிய குருத்தெலும்பை அகற்றி, டிபியாவையும் டேலஸையும் திருகாணிகளோ தகடோ கொண்டு ஒரே எலும்பாகச் சேர்த்துவிடுவர். அசைவு போகும், வலியும் பெரும்பாலும் போகும். மற்றொன்று, உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்துவது. அசைவு ஓரளவு நிலைக்கும். ஆனால் அந்த மூட்டுக்கும் ஆயுள் உண்டு. பத்து ஆண்டுகளுக்குப் பின் பத்தில் எட்டு அல்லது ஒன்பது மூட்டுகள் நிலைத்திருப்பதாகத் தொகுப்பாய்வுகள் தெரிவிக்கின்றன. (தேய்மானம் மூட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், டிபியாவை வெட்டி நேராக்கி மூட்டைக் காக்கும் அறுவையும் உண்டு. இளையவர்கள் அதைப் பற்றிக் கேட்க வேண்டும்.)

இவ்விரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட முக்கியமான சோதனை பிரிட்டனில் நடந்தது. 17 மருத்துவமனைகளில் 50 முதல் 85 வயது வரையிலான 303 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய 'டார்வா' ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் நன்றாக முன்னேறியிருந்தனர். நடப்பது, நிற்பது பற்றிய மதிப்பெண்ணில் இரண்டுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பக்கவிளைவுகள்தான் வேறுபட்டன. காயம் ஆறுவதில் சிக்கல் செயற்கை மூட்டுப் பிரிவில் கூடுதலாக இருந்தது. இணைப்புப் பிரிவில் சுமார் 12 சதவீதத்தினருக்கு எலும்பு சேரவில்லை. அவர்களிலும் ஏறத்தாழ பாதிப்பேருக்குத்தான் அதனால் தொல்லை இருந்தது.

ஆகவே எது சிறந்தது என்று கேட்பதைவிட, யாருக்கு எது என்று கேட்பதே பொருத்தம். கடும் உடலுழைப்பு செய்யும் இளையவருக்கும், நீரிழிவால் பாதத்தில் உணர்விழந்தவருக்கும், மூட்டில் முன்பு கிருமித்தொற்று ஏற்பட்டவருக்கும் செயற்கை மூட்டு பொதுவாக ஏற்றதல்ல. சப்டேலார் மூட்டும் ஏற்கெனவே தேய்ந்த மூத்தவருக்கு இணைப்பு கூடுதல் சுமையாகலாம். இணைத்த மூட்டின் வேலையை அக்கம்பக்க மூட்டுகள் சுமக்க நேர்வதால், இருபது ஆண்டுக் காலத்தில் அவையும் தேய்வது அறியப்பட்ட ஒன்று.

செயற்கை மூட்டு வைத்தால் மீண்டும் குந்தி உட்காரலாம் என்ற நம்பிக்கை பலரிடம் உள்ளது. அது பெரும்பாலும் நிறைவேறாது. ஆழமாகக் குந்துவதற்குத் தேவையான மடிப்பைச் செயற்கைக் கணுக்கால் வழக்கமாகத் தருவதில்லை. எந்த அறுவையாயினும் வீட்டில் மேலைநாட்டுக் கழிப்பறை தேவைப்படும் என்று முன்கூட்டியே திட்டமிடுவது நல்லது.

யாரிடம், எவ்வளவு செலவில்

முழங்கால் மாற்று அறுவை செய்வோர் பல ஊர்களிலும் உள்ளனர். கணுக்காலில் தனிப்பயிற்சி பெற்றோர் குறைவு. அவர்களும் பெருநகரங்களிலேயே அதிகம். இந்த அறுவையைச் சென்ற ஆண்டு எத்தனை பேருக்குச் செய்தீர்கள், இணைப்பு, மாற்று இரண்டையும் செய்கிறீர்களா என்று நோயாளி கேட்கத் தயங்கக் கூடாது. ஒன்றை மட்டுமே செய்பவர் அதையே பரிந்துரைப்பது இயல்பு. இரண்டாவது கருத்து பெற விரும்பினால், 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கோரிய 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்கள் வழங்கப்பட வேண்டும்.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தது முழங்கால் உள்வைப்புகளுக்கு. கணுக்கால் மூட்டும் அதே விலைக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிடாமல், உள்வைப்பின் விலையைத் தனியே எழுதிக் கேட்க வேண்டும். ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை வழங்குகிறது; தமிழ்நாட்டில் அது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைந்து செயல்படுகிறது. குறிப்பிட்ட அறுவை அதன் தொகுப்பில் உள்ளதா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே மருத்துவமனையிலுள்ள திட்ட உதவி மையத்திலோ, 14555 என்ற எண்ணிலோ உறுதிசெய்துகொள்ளலாம்.

புகைப்பவர் அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். புகையிலை எலும்பு சேர்வதையும் காயம் ஆறுவதையும் நேரடியாகக் கெடுக்கிறது. புகைப்பதை நிறுத்தாதவருக்கு இணைப்பு அறுவை செய்ய மறுக்கும் மருத்துவர்களும் உண்டு.

மறுவாழ்வு: மாதக்கணக்கு

அறுவை ஓரிரு மணி நேரம், மறுவாழ்வு ஓராண்டு. இணைப்புக்குப் பின் பொதுவாக ஆறு வாரங்கள் வரை அந்தக் காலை ஊன்றவே கூடாது. பிறகு பூட்ஸ் வடிவக் காப்புறையுடன் படிப்படியாக எடை ஏற்றி, மூன்றாம் மாத வாக்கில் எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்ததை உறுதிசெய்த பிறகே அதைக் கழற்றுவர். செயற்கை மூட்டில் முதல் இரண்டு வாரங்கள் முழுக் கவனமும் காயத்தின் மீதே இருக்கும். கணுக்காலின் முன்புறத் தோல் மெல்லியது. அது ஆறாமல் அசைவுப் பயிற்சி இல்லை.

ஊன்றாமல் நடப்பது சொல்ல எளிது. மாடிவீட்டில் வசிப்பவர், குளியலறையில் வழுக்கும் தரை, துணைக்கு ஆளில்லாத பகல்நேரம் என்று பார்த்தால் தோல்வி பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அறுவைக்கு ஒரு வாரம் முன்பே பிசியோதெரபிஸ்ட்டிடம் ஊன்றுகோல் பயிற்சி பெறுவதும், படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதும், குளிக்க நாற்காலி வாங்குவதும் மருந்துச்சீட்டில் இடம்பெறாத சிகிச்சைகள். கால் முழுநேரமும் தொங்கினால் வீக்கம் வடியாது. இதயத்தைவிட உயரமாகத் தலையணைமேல் வைத்திருக்க வேண்டும். காப்புறை ஒரு காலை உயர்த்திவிடுவதால் இடுப்பும் முதுகும் வலிக்கும். மறுகாலுக்குச் சற்று உயரமான காலணி அதைத் தடுக்கும்.

மூன்று மாதங்களுக்குப் பின் தொடங்கும் பயிற்சிகளில் கெண்டைத்தசையும் இடுப்புத்தசையும் சமநிலையும் முதன்மை பெறுகின்றன. தனியார் பிசியோதெரபியின் செலவு தாங்காதவர்களுக்கு மும்பை ஹாஜி அலியிலுள்ள அகில இந்திய உடலியல் மருத்துவ, மறுவாழ்வு நிறுவனம், கொல்கத்தாவிலுள்ள தேசிய இயக்கக் குறைபாடுகள் நிறுவனம் போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் உள்ளன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இயன்முறை மருத்துவப் பிரிவுகளிலும் பயிற்சி பெறலாம்.

வீக்கம் முழுதாக வடிய ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகலாம் என்பதால், அது மட்டுமே கவலைக்குரியதல்ல. கெண்டைத்தசையில் திடீர் வலியும் வீக்கமும், மூச்சுத்திணறல், காயத்திலிருந்து நீர் கசிதல், காய்ச்சல் ஆகியவற்றுக்கு மட்டும் அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலது காலில் அறுவை செய்துகொண்டவர், காப்புறை கழன்று, அவசரமாகப் பிரேக்கை முழு விசையுடன் வலியின்றி அழுத்த முடிகிறது என்று மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை வாகனம் ஓட்டக் கூடாது.