பாறைக்கும் குடியிருப்பவர்கள் உண்டு: 104-ஆம் சங்கீதம், 10 முதல் 35 வரை

104-ஆம் சங்கீதத்தை வெளியில், மலைப்பாதையில், நின்று நின்று வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. வானம், மேகம், சமுத்திரம் என்று உயரத்தில் தொடங்கும் சங்கீதக்காரர் பத்தாம் வசனத்தில் ஓடைக்கரைக்கு இறங்கிவிடுகிறார். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

வசனங்கள் 10–13: ஊற்றுநீர் பள்ளத்தாக்குகளில் பாய்கிறது. அதைக் குடிக்க வரும் மிருகங்களில் அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது காட்டுக்கழுதையை. யாருக்கும் பொதி சுமக்காத, எவரும் கட்டிப்போட முடியாத விலங்கு அது. மழை பொய்த்தால் காய்ந்துபோகும் தேசத்தில், மனிதனுக்குப் பயன்படாத ஒன்றின் தாகத்தைத்தான் முதலில் நினைக்கிறார்.

14–15: புல், பயிர், திராட்சரசம், எண்ணெய், அப்பம். மனிதனின் சாப்பாடு இரண்டே வசனங்களில் முடிந்துவிடுகிறது.

16–17: லீபனோனின் கேதுரு. சாலொமோன் ஆலயம் கட்டத் தருவித்த மரம். இங்கே உத்திரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கர்த்தரே நட்ட மரம் என்று சொல்லி, உடனே அதிலுள்ள குருவிக்கூட்டைக் காட்டுகிறார். நாரைக்கும் ஒரு மரம் உண்டு. ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே வலசை போகும் செங்கால் நாரைகள் இன்றும் லட்சக்கணக்கில் சங்கீதக்காரரின் தேசத்தின் மேலாகப் பறக்கின்றன.

18: என்னை அதிகம் நிறுத்திவைக்கும் வசனம் இதுதான். உயர்ந்த மலை காட்டாடுகளுக்கு, கன்மலை குழிமுசல்களுக்கு. சவக்கடலின் மேற்குக் கரையிலுள்ள எங்கேதியில் இரண்டையும் இன்றும் ஒரே பாறைச்சரிவில் பார்க்கலாம். சவுலுக்குத் தப்பித் தாவீது ஒளிந்திருந்த இடம் அது. குழிமுசல் முயல் அளவே இருக்கும். வளை தோண்ட ஏற்ற நகம் அதற்கு இல்லை. பாறை இடுக்குதான் வீடு. ஆனால் அதன் உள்ளங்கால் ரப்பர் போல மெத்தென்று, ஈரம் கசிந்து, செங்குத்துப் பாறையையும் பற்றிக்கொள்ளும். கூட்டம் மேயும்போது ஒன்று உயரத்தில் நின்று காவல் பார்க்கும். கழுகைக் கண்டு அது கத்தினால் எல்லாம் இடுக்குக்குள் பாய்ந்துவிடும். உழ முடியாத, விதைக்க முடியாத அந்த இடத்தை நம் ஊர் நிலக்கணக்கில் பாறைப் புறம்போக்கு என்று எழுதி ஒதுக்கியிருப்போம். கர்த்தருடைய கணக்கில் அதற்குக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். கர்த்தரைக் கன்மலை என்று தாவீது அழைத்ததை, இந்தப் பலவீனமான பிராணியை நினைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள்.

19–23: எகிப்தில் கி.மு. 14-ஆம் நூற்றாண்டில், ஆக்நாட்டன் மன்னன் காலத்தில் எழுந்த சூரியத் துதியிலும் இரவு, சிங்கம், விடிந்ததும் வேலைக்குப் போகும் மனிதர் என்று இந்த வசனங்களின் காட்சிகளே உண்டு. அங்கே சூரியன் மறைந்தால் பூமி செத்துக் கிடக்கிறது. இங்கே இருளும் கர்த்தர் உண்டாக்கியது. சிங்கக்குட்டியின் கர்ச்சனை அவரிடம் இரை கேட்கும் குரல். விடிந்ததும் சிங்கம் படுத்துக்கொள்ள, மனிதன் புறப்படுகிறான். சாயங்காலம் வரை அவன் பொழுது. ஒரே நிலம், இரண்டு முறை. பொழுது சாய்ந்தபின் காட்டுக்குள் நடப்பவர் இன்னொருவருடைய நேரத்துக்குள் நுழைகிறார்.

24–30: கடல், கப்பல், லிவியாதான் என்னும் பெரிய கடல்விலங்கு. எல்லாம் அவர் கையைப் பார்த்துக் காத்திருக்கின்றன. ஆகாயத்துப் பறவைகளைக் காட்டி இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதும் இந்தக் காத்திருப்பைத்தான். ஆனால் 29-ஆம் வசனம் மரணத்தையும் மறைக்காமல் சொல்கிறது. மலைக்காட்சியில் ஆறுதலை மட்டும் தேடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

35: பாவிகள் பூமியில் இல்லாமற்போக வேண்டும் என்ற வேண்டுதல் பலருக்கு நெருடுகிறது. இதை விட்டுவிட்டு வாசிக்கக் கூடாது. ஒவ்வோர் உயிருக்கும் கர்த்தர் கொடுத்த இடத்தை எண்ணிச் சொன்னபின் வரும் வேண்டுதல் இது. ஆனால் சங்கீதக்காரர் பாடிய தேசத்தில் இன்று காட்டுச் சிங்கம் இல்லை. ஆசியச் சிங்கம் காட்டில் எஞ்சியிருப்பது குஜராத்தில் மட்டுமே. லீபனோனின் கேதுருக் காடுகள் சிறு சிறு தோப்புகளாகச் சுருங்கிவிட்டன. கர்த்தர் கொடுத்த இடத்திலிருந்து இவற்றைத் துரத்தியது யார் என்று கேட்டால், இந்த வேண்டுதலை அடுத்தவருக்கு எதிராக மட்டும் ஏறெடுக்க நம்மால் முடியாது.